தோழர் இல்லாத இடத்தில் தரகர் வந்து நிற்பார்

(குமாரபாளையத்தில் இளைஞர்களும் ஆய்வு மாணவர்களும் கூடிய வாசிப்புக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புதிய ஊருக்கும் புதிய நாட்டுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு, அங்கே ஏற்கெனவே வேலை செய்கிறவர்கள் எப்படித் துணை நிற்பது? இதுதான் இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. கேட்டவுடன் ஏதோ ஐடி கம்பெனி நடத்துகிற பயிற்சி வகுப்பு மாதிரி தோன்றலாம். பெரிய நிறுவனங்களில் இதற்கென்று தனி ஏற்பாடே இருக்கிறது. வெளிநாட்டுக் கிளைக்கு மாற்றலாகும் ஊழியருக்கு விமானச் செலவு, முதல் சில வாரங்களுக்குத் தங்குமிடம், வீடு பார்த்துக் கொடுக்க ஆள், பிள்ளைகளுக்குப் பள்ளி தேட ஆள் எல்லாம் உண்டு. அதோடு, அங்கேயே வேலை செய்கிற ஒருவரைத் துணையாகவும் போடுவார்கள். அவருக்கு 'பட்டி' என்று பெயர். நம்ம ஊரில் பட்டி என்றால் ஆடு அடைக்கிற இடம். சிரிக்கிறீர்கள். அந்தப் பட்டிக்கும் இந்தப் பட்டிக்கும் உள்ள தூரம் ரொம்பக் குறைவு என்பதைத்தான் நான் பேசப் போகிறேன்.

இதைக் குமாரபாளையத்தில் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இது ஆட்களை அனுப்புகிற ஊர், ஆட்களை வரவழைக்கிற ஊரும்கூட. தறி ஓட்டியவர்களின் பிள்ளைகள் இஞ்சினியரிங் முடித்துவிட்டு பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறார்கள். இந்த வட்டாரத்து நூற்பாலைகளுக்கும் தறிப்பட்டறைகளுக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். போகிறவருக்கும் வருகிறவருக்கும் முதல் நாள் கேள்வி ஒன்றுதான்: இங்கே எனக்கு யாரைத் தெரியும்?

அந்தக் கேள்விக்கு நம் சமூகம் ரொம்ப காலத்துக்கு முன்பே ஒரு பதில் வைத்திருக்கிறது. சாதிக்காரன்.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவிலும் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் வட்டித் தொழில் நடத்திய காலத்தை எடுத்துக்கொள்வோம். இளம் வயதுப் பையன்களைக் கப்பலேற்றி அனுப்புவார்கள். கடல் தாண்டி இறங்கியதும் அவனுக்கு ஓர் இடம் தயாராக இருக்கும். அதன் பெயர் கிட்டங்கி. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் வரிசையாகக் கிட்டங்கிகள் இருந்தன. பல கடைக்காரர்கள் ஒரே கட்டடத்தில் ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு பாய் என்று இருப்பார்கள். பகலில் அது அலுவலகம், இரவில் படுக்கை. சமையல் பொது. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாக உயர்ந்து, பிறகு மேலாள் ஆவான். கணக்கு, மொழி, ஊர் நடப்பு எல்லாவற்றையும் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவரே கற்றுக்கொடுத்தார். இன்று கம்பெனிகள் பணம் செலவழித்துச் செய்கிற ஏற்பாடு முழுவதையும் அவர்கள் அன்றே செய்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் நுழைவதற்கான சீட்டு சாதி.

அதே காலத்தில் அதே தமிழ்நாட்டிலிருந்து இன்னொரு கூட்டமும் கடல் தாண்டியது. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் போனவர்கள் அவர்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பறையர், பள்ளர், சக்கிலியர் என்று ஊரில் ஒதுக்கப்பட்ட மக்கள். இவர்களுக்குத் துணையாக வந்தவர் கங்காணி. அவர்தான் ஊருக்கு வந்து ஆள் சேர்த்தார், வழிச்செலவுக்குப் பணம் கொடுத்தார், கூட்டிப்போனார், தோட்டத்தில் மேற்பார்வையும் பார்த்தார். வழிச்செலவு கடனாக மாறியது. இலங்கையில் அந்தக் கடனை ஒரு சீட்டில் எழுதினார்கள். அதற்குத் துண்டு என்று பெயர். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் அந்தத் தோட்டக்காரர் துண்டில் உள்ள கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்ள வேண்டும். 1921இல்தான் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். லயங்களில் குடியிருப்பையும் சாதி பார்த்தே பிரித்தார்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சொன்ன சாத்திரத்தை, சாதியே பொய்யாக்கிவிட்டது.

ஒருவனுக்குக் கிட்டங்கி, இன்னொருவனுக்குத் துண்டு. இரண்டுமே துணை என்ற பெயரில்தான் வந்தன. ஒன்று ஆளை மேலாள் ஆக்கியது. மற்றது ஆளைக் கடனாளி ஆக்கியது. சக மனிதன் துணை நிற்காத இடம் வெறுமனே காலியாகக் கிடப்பதில்லை. அங்கே தரகர் வந்து நிற்கிறார். இதுதான் நான் இன்று உங்கள் முன் வைக்கிற கருத்து. மற்றதெல்லாம் இதற்கான சான்றுகள்.

மூன்றாவதாக ஒரு வழியும் அன்றே இருந்தது. 1929 டிசம்பரில் பெரியார் மலேயாவுக்குப் பயணம் போனார். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஈரோட்டுக்காரர், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தமிழர்களிடம் சாதி ஒழிப்பைப் பேசினார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. அதில் முன்னின்ற கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கினார். வெளிநாட்டில் பிழைக்கப் போனவர்கள் சாதி கேட்காமல் கூடுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். இன்று நாம் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து எடுத்தால் போதும்.

இனி இந்தக் கேள்வியைத் தன் உடலில் வாங்கிய ஒருவரைப் பற்றிப் பேசுவோம். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அம்பேத்கர் நியூயார்க் போனார். கொலம்பியா பல்கலைக்கழக விடுதியில் அவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டவர் நவல் பத்தேனா என்கிற பார்சி மாணவர். அந்த நட்பு கடைசிவரை நீடித்தது. பின்னாளில் அம்பேத்கர் லண்டன் படிப்பை முடிக்கத் திரும்பப் போனபோது கடன் கொடுத்து உதவியவர்களில் பத்தேனாவும் ஒருவர்.

உதவித்தொகை ஒப்பந்தப்படி, 1917இல் அம்பேத்கர் பரோடா அரசு வேலைக்கு வந்து சேர்ந்தார். நம் தலைப்பின் மொழியில் சொன்னால், வெளிநாட்டிலிருந்து புதிய பணியிடத்துக்கு இடம்பெயர்ந்த, உயர்கல்வி பெற்ற ஊழியர் அவர். அவருக்கு அங்கே தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். அரசு பங்களா கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. பதினோராவது நாள் காலை, கையில் தடியோடு பத்துப் பன்னிரண்டு பார்சிகள் வந்து அறை வாசலில் நின்றார்கள். மாலைக்குள் காலி செய்ய வேண்டும் என்று மிரட்டினார்கள். அவர் இரண்டு நண்பர்களிடம் போனார். இந்து நண்பர், நீங்கள் வந்தால் வீட்டு வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். கிறித்தவ நண்பர், மனைவியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அந்தத் தம்பதி பிராமண சாதியிலிருந்து மதம் மாறியவர்கள். அந்தக் கதவும் திறக்காது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. பம்பாய் ரயிலுக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. பொதுப் பூங்காவில் போய் உட்கார்ந்து அழுதார். இவையெல்லாம் அவரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியவை. அலுவலகத்தில் சிப்பந்திகள் கோப்பைக் கையில் கொடுக்காமல் வீசியதையும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காததையும் தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நியூயார்க்கில் அறையைப் பகிர்ந்தவரும் பார்சி, பரோடாவில் தடியோடு வந்தவர்களும் பார்சிகள். ஆகவே துணை என்பது ஒரு சமூகத்தின் பிறவிக் குணம் அல்ல. பக்கத்தில் இருக்கும் மனிதர் எடுக்கிற முடிவு அது. பரோடாவில் அந்த இரண்டு நண்பர்களில் ஒருவர், நடப்பது நடக்கட்டும் வாருங்கள் என்று சொல்லியிருந்தால் அன்று அந்த ரயிலுக்குத் தேவை இருந்திருக்காது. வேலை இருந்தது, படிப்பு இருந்தது, மன்னரின் ஆதரவே இருந்தது. ஓர் அறையும் ஒரு சக ஊழியரும் இல்லாததால் அந்த வேலை போனது.

நூறு ஆண்டுகளில் நிலைமை மாறிவிட்டதா? 2020 ஜூன் கடைசியில் கலிபோர்னியா மாநில அரசின் உரிமைகள் துறை, சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. அங்கு வேலை செய்த தலித் பொறியாளர் ஒருவரை இந்தியாவிலிருந்து போன ஆதிக்கச் சாதி மேலாளர் இருவர் சாதி பார்த்து நடத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. அவரோடு ஐஐடியில் படித்த ஒருவர், இவர் இடஒதுக்கீட்டில் வந்தவர் என்று மற்ற ஊழியர்களிடம் சொல்லிவிட்டார். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று மனு சொன்னது. நிறுவனம் இதை மறுத்தது. 2023 ஏப்ரலில் அந்த இரு மேலாளர்கள் மீதான வழக்கை அத்துறையே திரும்பப் பெற்றது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. தீர்ப்பு எப்படி வந்தாலும் நாம் யோசிக்க வேண்டிய விஷயம் வேறு. ஒரே கல்லூரி, ஒரே நாடு, ஒரே மொழி என்று வெளிநாட்டில் நமக்குத் தெம்பு தருகிற அதே பழக்கம், ஒரு தலித் ஊழியருக்கு உளவாளியாக மாற முடியும். ஊர்க்காரரைப் பார்த்தால் நமக்குச் சந்தோஷம், அவருக்குப் பயம். தோளில் தட்டிப் பாராட்டுவதுபோல் பூணூல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற பழக்கம் பற்றி அமெரிக்கப் பத்திரிகைகளே எழுதின.

அந்த வழக்குக்குப் பின் 2020 அக்டோபரில், கூகுள், ஆப்பிள், மைக்ரோசாப்ட் உள்ளிட்ட நிறுவனங்களில் வேலை செய்கிற முப்பது தலித் பெண் பொறியாளர்கள் பெயர் சொல்லாமல் ஒரு கூட்டறிக்கை கொடுத்தார்கள். பெயரைச் சொல்ல முடியாத நிலையிலும் முப்பது பேர் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். தோழமை என்றால் இதுதான். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடை செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அந்த மாநில ஆளுநர் நிராகரித்தார். சட்டம் ஓர் ஊரில் வரும், இன்னோர் ஊரில் நிற்கும். அதுவரைக்கும் பக்கத்து இருக்கைக்காரர்தான் பாதுகாப்பு.

அமெரிக்காவைப் பற்றிப் பேசும்போது நம் எல்லோருக்கும் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தைக் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு நம் தெருவுக்கு வருவோம்.

இந்த ஊரில் தறி ஓட்டப் போகிறவர் முதலில் வாங்குவது பாக்கி. பட்டறைக்காரர் கொடுக்கும் முன்பணத்துக்கு இங்கே அதுதான் பெயர். கீர்ட் டி நேவ் என்கிற மானுடவியல் ஆய்வாளர் பவானியிலும் குமாரபாளையத்திலும் தங்கி ஆய்வு செய்து 2005இல் ஒரு நூல் வெளியிட்டார். பாக்கி தொழிலாளியை எப்படிக் கட்டிப்போடுகிறது, தொழிலாளி அதற்குள்ளேயே எப்படி முண்டுகிறார் என்பதையும் அவர் விரிவாக எழுதியிருக்கிறார். வேறு பட்டறைக்குப் போக வேண்டுமென்றால் பாக்கியை அடைக்க வேண்டும், இல்லையென்றால் புதிய முதலாளியிடம் வாங்கிப் பழையவரிடம் கொடுக்க வேண்டும். இலங்கைத் துண்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? 1976லேயே கொத்தடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் மகளின் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சட்டம் பணம் கொடுப்பதில்லை. 2025 ஜூலையில் பக்கத்துப் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் கடன் நெருக்கடியைப் பயன்படுத்திச் சிறுநீரகம் வாங்கிய தரகர்கள் பற்றிய செய்தி வந்தது. உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக்கு உத்தரவிட்டது. சக மனிதர் நிற்காத இடத்தில் யார் வந்து நிற்பார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இப்போது அந்தத் தறிகளுக்கும் மில்களுக்கும் வேறு மாநிலத்துக்காரர்கள் வருகிறார்கள். அவர்களைக் கூட்டிவருகிறவர் ஒப்பந்தக்காரர். அறை அவருடையது, முன்பணம் அவருடையது, சம்பளக் கணக்கும் அவருடையது. பழைய கங்காணியேதான், கையில் செல்போன் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், பயணப் படியோடு இடப்பெயர்வுப் படி என்று ஒரு தொகையையும் ஒப்பந்தக்காரர் கொடுக்க வேண்டும் என்றது. அதை வாங்கியவர்கள் குறைவு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டத்தில் அந்த இடப்பெயர்வுப் படியே இல்லை. கவனியுங்கள், பன்னாட்டு நிறுவன ஊழியர் நாடு மாறினால் அதே தொகை மரியாதையோடு அவர் கணக்குக்கு வருகிறது. ஒடிசாக்காரர் மாநிலம் மாறினால் அது ஏட்டிலிருந்தே எடுக்கப்படுகிறது.

2023 மார்ச் முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. காவல்துறை மறுத்தது, உதவி எண்கள் அறிவிக்கப்பட்டன, பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பிப் பார்த்தது. வதந்தி பொய்தான். ஆனால் பயம் பொய்யில்லை. அந்த ஒரு வாரத்தில் பல தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். பக்கத்துத் தறியில் நிற்கிற தமிழ்த் தொழிலாளி, 'பையா, ஒன்றும் இல்லை, நான் இருக்கிறேன்' என்று சொல்லக்கூடிய பழக்கம் இருந்திருந்தால் ஒரு வீடியோவால் அவ்வளவு பேரைக் கிளப்ப முடியாது. நாமோ 'வடக்கன்' என்று மீம் போட்டுக்கொண்டிருந்தோம். அவர்களில் தலித்துகள் இருக்கிறார்கள், பழங்குடிகள் இருக்கிறார்கள். அவர்கள் ஊரில் நிலமில்லாமல் செய்தது அந்த ஊர்ச் சாதி. சிலிக்கான் பள்ளத்தாக்கில் நம் ஆள் தனியாக நிற்கும்போது வருகிற கோபம், காவிரிக் கரையில் அவர்கள் தனியாக நிற்கும்போது வரவில்லை என்றால், அந்தக் கோபத்துக்குச் சாதி ஒழிப்பு என்று பெயர் வைக்க முடியாது.

சரி, என்ன செய்வது? பெரிய திட்டம் எதையும் நான் சொல்லப் போவதில்லை. அன்றாடம் செய்யக்கூடிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, கிளம்புவதற்கு முன்பு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற முகவர், 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி ஒன்றிய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். இ-மைக்ரேட் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணம் முப்பதாயிரம் ரூபாயும் அதற்கான வரியும்தான். 2022இல் தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் மாட்டினார்கள். அவர்களில் படித்தவர்கள் நிறைய. படிப்பு மட்டும் காப்பாற்றாது. அங்கே ஏற்கெனவே இருக்கிற ஒருவரிடம் பேசிவிட்டுப் போகிற வழக்கம் வேண்டும். நம் வட்டத்தில் யார் எந்த நாட்டில், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட், ஒப்பந்தத்தின் நகல் ஊரில் ஒருவரிடம் இருக்கட்டும்.

இரண்டாவது, முதல் இரவு. பரோடா நமக்குச் சொல்கிற பாடம் அறைதான். பெங்களூரிலோ துபாயிலோ நீங்கள் அறை எடுத்திருக்கிறீர்கள். புதிதாக ஒருவர் வருகிறார். வெஜ்ஜா நான்வெஜ்ஜா, சொந்த ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம் எது, அப்பாவின் முழுப்பெயர் என்ன என்ற கேள்விகள் அறைக்குள் நுழையக் கூடாது. வாடகை எவ்வளவு, குளியலறை எந்த நேரம் காலி என்ற இரண்டும் தெரிந்தால் சேர்ந்து வாழலாம்.

மூன்றாவது, துணையாக நிற்கிறவர் யார் என்பது. புதியவருக்கு மேலாளராக இருப்பவர் துணையாக இருக்க முடியாது. சம்பளமும் மதிப்பெண்ணும் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். ஒரே சாதிக்காரரையோ ஒரே கல்லூரிக்காரரையோ துணையாகப் போட்டால் மறுபடியும் ஆட்டுப்பட்டிதான், ஒரே காதடையாளம் வைத்த ஆடுகள்தான் உள்ளே இருக்கும். அவர் எந்த இடஒதுக்கீட்டில் வந்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் அது உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. அதைச் சொல்கிற உரிமை அவருடையது மட்டும்.

நான்காவது, ஏதாவது நடந்தால். தேதியும் நேரமும் போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். புகார் கொடுக்கப் போகும்போது கூடப் போங்கள். சாட்சி சொல்ல வேண்டியிருந்தால் சொல்லுங்கள். ஆறுதல் சொல்வது எளிது, சாட்சி சொல்லத்தான் தெம்பு வேண்டும். சங்கம் இருக்கிற இடத்தில் சங்கத்தில் சேருங்கள். இல்லாத இடத்தில் மூன்று பேர் சேர்ந்தாலே தொடக்கம்தான்.

ஐந்தாவது, இந்த ஊரில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு டீக்கடை பெஞ்ச் போதும். பக்கத்து மில்லில் வேலை செய்கிற ஒடிசாக்காரருக்குச் சம்பளச் சீட்டைப் படித்துச் சொல்லலாம். வேறு மாநிலக் குடும்ப அட்டையை வைத்து இங்கே ரேஷன் வாங்குகிற வசதி 2020 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்லலாம். அரசு ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகலாம். அவருடைய பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்கலாம். பதிலுக்கு அவரிடம் பத்து ஒடியா சொற்கள் கற்றுக்கொள்ளலாம். துணை ஒருபக்கமாக ஓடினால் அது தருமம் ஆகிவிடும். தருமத்துக்கு எப்போதும் மேல்கை, கீழ்கை உண்டு. நமக்கு வேண்டியது சமமான இரண்டு கைகள்.

இதெல்லாம் செய்தால் சாதி ஒழிந்துவிடுமா என்று கேட்பீர்கள். ஒழியாது. நிலமும் கூலியும் அதிகாரமும் மாறாமல் ஒழியாது. ஆனால் அந்தப் போராட்டத்துக்கு வர வேண்டிய மனிதர்கள் முதல் மாதமே உடைந்து ஊர் திரும்பாமல் இருக்க வேண்டும். இந்தக் கூட்டம் முடிந்ததும் ஒரு நோட்டைச் சுற்றுக்கு விடப் போகிறோம். வெளியூரில், வெளிநாட்டில் உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் ஊரை எழுதுங்கள். அவரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் பெயரையும் எண்ணையும் சேருங்கள். சாதிக்கான கட்டம் அந்த நோட்டில் இல்லை.

ஜெய் பீம்.